மேடை ‘நான்’

இரங்கல் கூட்டத்தில் மைக் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டது நான்தான், மேடம். அதில் மர்மம் ஒன்றுமில்லை. என் முழங்கை இடித்தது, ஸ்டாண்டு சாய்ந்தது, கல்லூரி முதல்வரின் கால் கட்டைவிரல் மேல் போய் விழுந்தது. துக்கம் கேட்க வந்த மனிதர் நொண்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார். “பாவம், கூட்டாளி போன துக்கத்துல கை நடுங்குது” என்று பின்வரிசையில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. நான் மறுக்கவில்லை. நம்மைப் பற்றி நாலு பேர் நல்லதாக ஒன்று நினைக்கும்போது குறுக்கே விழுந்து திருத்துவது மரியாதை ஆகாது.

நீங்கள் கேட்பது மைக்கைப் பற்றி இல்லை, தெரியும். என் உதட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

அன்று மாணவர்கள் அவருடைய பழைய பட்டிமன்றப் பேச்சு ஒன்றை ஒலிபரப்பினார்கள். செத்துப்போனவரின் குரல் அரங்கம் முழுக்க வந்தது. முன்வரிசையில் இருந்த அண்ணி, அதாவது அவருடைய மனைவி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என் உதடு அசைந்தது. தெரிந்த பேச்சைக் கூடவே முணுமுணுப்பது யாரும் செய்வதுதான். என் உதடு அவர் குரலுக்கு ஒரு சொல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதை நானே அப்போதுதான் உணர்ந்தேன். பதறி நகர்ந்தபோதுதான் அந்த முழங்கை விவகாரம்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவனை அண்ணி நிறுத்தினார்.

“அவர் சொல்றதுக்கு முன்னாடியே உங்க வாய் எப்படிச் சொல்லுச்சு, தம்பி?”

“பழக்கம் அண்ணி” என்றேன்.

அது பொய் இல்லை. பாதிப் பதில். பாதிப் பதிலால் ஒரு மனிதனை என்ன செய்துவிட முடியும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன். அண்ணிக்கு அந்தப் பாதி போதவில்லை, புகாரோடு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. நான் சொல்லும்போது அவரும் இந்த அறையில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டவனே நான்தான். அண்ணி, அங்கே ஃபேன் காற்று வராது. நாற்காலியை இப்படிக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி. முதலிலிருந்து.

நானும் அவரும் ஒரே கல்லூரியில், ஒரே அறையில், முதுகோடு முதுகு ஒட்டிய மேசைகளில் உட்கார்ந்து அறவியல் பாடம் நடத்தினோம். எது நியாயம், யாருக்கு எது உரிமை, அரசு எதுவரை நம் வீட்டுக்குள் மூக்கை நுழைக்கலாம், இந்த மாதிரி. படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். “வேலை இல்லாம இருக்கறது ஏன் அநியாயம்னு தெளிவா விளக்குவே” என்பேன். அவர் என்னைவிட மூத்தவர். அதனால் எனக்கு அண்ணன். எதைச் சொன்னாலும் “ஆனால்” என்றுதான் தொடங்குவார். சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட, “ஆனால் பசிக்கலையே” என்பார். எனக்கு எதையும் முடிவுக்குக் கொண்டுவராவிட்டால் தூக்கம் வராது. ஆகவே, ஆகவே என்று முடித்துக்கொண்டே இருப்பேன். பிள்ளைகள் அவருக்கு ‘ஆனால் சார்’ என்றும் எனக்கு ‘ஆகவே சார்’ என்றும் பெயர் வைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைவிடப் பொருத்தமாகத்தான் இருந்தது.

எங்கள் பட்டிமன்றங்களுக்குக் கூட்டம் வரும். வெறுப்புப் பேச்சைத் தடைசெய்யலாமா, வாடகைத் தாய் முறை சுரண்டலா, பரம்பரைச் சொத்துக்கு அரசு கைநீட்டலாமா என்று ஊர் எதற்கு அடித்துக்கொள்கிறதோ அதைத்தான் எடுப்போம். மேடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுவோம். இறங்கியதும் ஒரே ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போவோம். இது எப்படி முடிகிறது என்று கேட்பவர்களுக்கு அண்ணன் ஒரு பதில் வைத்திருந்தார். மனிதனுக்குள் மேடை ‘நான்’ ஒன்று, வீட்டு ‘நான்’ ஒன்று. மேடை ‘நான்’ வாதத்துக்கு உழைக்கிற கூலி ஆள். அவன் சொன்னதற்கு வீட்டு ‘நான்’ கையெழுத்துப் போட வேண்டியதில்லை. எங்கள் தொழிலே இந்த ஒரு சொல்லில்தான் நின்றது, மேடம். இது இல்லாவிட்டால் யாரும் எதையும் வாதாடிப் பார்க்க முடியாது. நினைத்ததை மட்டும் சொல்லிக்கொண்டிருக்க டீக்கடை போதும்.

அந்தச் சொல்லை அவரே முறித்தார்.

வகுப்பில் ஒருநாள் மருத்துவமனைப் படுக்கைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. ஊரில் அப்போது அதுதான் சண்டை. படுக்கை குறைவு, நோயாளி அதிகம், யாருக்குக் கொடுப்பது. யார் காதுக்கும் இதமாக இல்லாத பக்கத்தை ஆசிரியர் எடுப்பார், பிள்ளைகள் அதை உடைக்க வேண்டும். அது எங்கள் முறை. நான் எடுத்தேன். ‘இனி எழுந்து நிற்கவே போகாதவர் ஒரு படுக்கையைப் பிடித்துக்கொண்டு கிடப்பது, வெளியே வரிசையில் நிற்பவரிடமிருந்து திருடுவது’ என்றேன். நன்றாகவே சொன்னேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். அவள் தம்பி பிறந்ததிலிருந்து படுக்கையில் இருப்பவன் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

“சார், இது உங்க கருத்தா, வாதமா?”

“ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்? முடிஞ்சா உடை” என்று சிரித்தேன்.

வேடிக்கையாகச் சொன்னது. அவள் கையில் போன் இருந்ததைக் கவனிக்கவில்லை. அந்த வாரமே ஊர் முழுக்க என் முகம். கல்லூரி வாசலில் என்னைக் கழுகாக வரைந்து மாட்டியிருந்தார்கள். வரைந்த பிள்ளைக்குக் கைத்திறன் இருந்தது. மூக்கு அப்படியே என்னுடையது.

விசாரணைக் குழு போட்டார்கள். என் பக்கம் ஒரே சாட்சி, அண்ணன். நான் கவலைப்படவே இல்லை. ‘அது மேடைப் பேச்சு, எங்கள் முறையே அப்படித்தான்’ என்று அவர் ஒரு வரி சொன்னால் போதும். கதவு சரியாகச் சாத்தவில்லை. வெளி பெஞ்சில் உட்கார்ந்து நான் கேட்டேன்.

“அது அவர் நடிச்சதா, நினைச்சதா?” என்று தலைவர் கேட்டார்.

“அவர் வாயிலேர்ந்து வந்த வார்த்தை அவரோடதுதான்” என்றார் அண்ணன். பிறகு, “ஆனால்” என்றார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

“அவ்வளவுதாங்க.”

வாழ்நாள் முழுக்க அந்த மனிதர் சொன்ன எந்த ‘ஆனாலு’க்கும் பின்னால் ஏதாவது ஒன்று வந்திருக்கிறது. எனக்காகச் சொன்ன அந்த ஒன்றின் பின்னால் மட்டும் ஒன்றும் வரவில்லை. எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது.

பிறகு ஒருநாள் பழங்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், நோயாளியைப் பார்க்க வருவதுபோல. “ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?” என்று நேராகவே கேட்டேன். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் ஸ்பானர் இருக்கிறதா என்று கேட்டார். வெகுநேரம் குனிந்து அதைச் சரிசெய்தார். கையைத் துடைத்துக்கொண்டார். “வரேன்டா” என்றார். எனக்கு வேண்டியிருந்தது ஒரு பதில், கிடைத்தது புது வாஷர். அந்தக் குழாய் இன்றுவரை ஒழுகவில்லை. அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அவர் குனிந்திருந்த முதுகு ஞாபகம் வரும். நான் கொஞ்சம் இளகிய மனசுக்காரன், மேடம். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் முதுகில் குத்தினான் என்று சொன்னால் சிலேடை போலத்தான் இருக்கும். வலி சிலேடை இல்லை.

சில மாதங்கள் கழித்து அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. வகுப்பில் பேசிக்கொண்டே சரிந்துவிட்டார். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் வைத்தார்கள். அந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் நான் வெளி உறுப்பினர். இப்படி முடிவெடுக்கத் திணறும் நேரத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து யோசிக்கிற குழு அது. கல்லூரி என்னைத் துரத்தினாலும் இவர்கள் துரத்தவில்லை. சம்பளம் இல்லாத பதவியிலிருந்து யாரும் யாரையும் நீக்குவதில்லை.

டாக்டர் நேர்மையான ஆள். “பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். பிழைச்சா எந்த அளவுக்குன்னு சொல்ல முடியாது. இன்னும் சில வாரம் பார்க்கலாம். சின்ன அசைவு தெரிஞ்சாலும் உடனே சொல்லுங்க” என்றார். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. முடிவு அண்ணியின் தலையில். குழுவில் எல்லோரும் அவரிடம் ஒன்றைத்தான் கேட்டோம். அதுதான் முறையான கேள்வியும்கூட. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கக் கூடாது. அவரால் இப்போது பேச முடிந்தால் என்ன கேட்பார், அதைச் சொல்லுங்கள்.

“எனக்கு ஒண்ணும் ஓடல, தம்பி” என்றார் அண்ணி. “வீட்ல இதெல்லாம் அவர் பேசினதே இல்ல. இதெல்லாம் உங்ககிட்டதானே பேசுவார். நீங்களே சொல்லுங்க.”

“நான் சொல்லக் கூடாது அண்ணி. அவரே சொல்லட்டும்” என்றேன்.

போனை எடுத்து மேசை நடுவில் வைத்து ஒரு பழைய பதிவைப் போட்டேன். சாகும் உரிமை பற்றி நடந்த பட்டிமன்றம். அண்ணனின் குரல், நிதானமாக: ‘நான் ஒருநாள் இயந்திரத்தின் தயவில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், என்மேல் அன்புள்ளவர்கள் அதை நிறுத்தட்டும். படுக்கையை எழுந்து நிற்கப்போகிற ஒருவருக்குக் கொடுக்கட்டும். என்னைக் கொன்றுவிட்டார்கள் என்று நான் நினைக்க மாட்டேன். என்னைப் புரிந்துகொண்டார்கள் என்று நினைப்பேன்.’

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி கையெழுத்துப் போட்டார். அவருடைய பேனா எழுதவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன். அன்று அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டதும் நான்தான். மாத்திரை போட்டுக்கொண்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இனி உதட்டுக்கு வருகிறேன்.

எங்கள் முதல் பட்டிமன்றத்துக்கு முன்பு ஒரு சண்டை. “நீ என் பக்கத்தை எடுத்துப் பேசினா அது கார்ட்டூன் மாதிரி இருக்குடா” என்றார் அண்ணன். “அப்போ நீங்களே எழுதிக் குடுங்க, நான் பேசறேன்” என்றேன். அன்றிலிருந்து அதுவே எங்கள் முறை. ஒரு பக்கத்தை மனதார நம்புகிறவன் அதை எழுதுவான். நம்பாதவன் மேடையில் பேசுவான். நான் நம்புவதை எழுதி அவரிடம் கொடுப்பேன், அவர் நம்புவதை எழுதி என்னிடம் கொடுப்பார். வாதம் கார்ட்டூன் ஆகாமலிருக்க இதைவிட நல்ல வழி எனக்கு இன்றும் தெரியாது. வெளியே யாரிடமும் சொன்னதில்லை. வித்தை தெரிந்துவிட்டால் கூட்டம் வராது. அண்ணி, ராத்திரியெல்லாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் எழுதிக்கொண்டிருந்தாரே, அதெல்லாம் என் பேச்சு.

ஆகவே, அன்று போனில் கேட்ட வாக்கியம் என்னுடையது. குரல் மட்டும் அவருடையது.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், மேடம். தண்ணீர் வேண்டுமானால் அண்ணிக்குக் கொடுங்கள். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘இது அவருடைய விருப்பம்’ என்று என் வாயால் நான் சொல்லவே இல்லை. ‘அவரே சொல்லட்டும்’ என்றேன். அவர் சொன்னார். ஒருவர் வாயிலிருந்து வந்த வார்த்தை அவருடையதுதான் என்று சட்டம் போட்டது யார்? நானா? அவர் எனக்குப் போட்ட சட்டத்தை நான் அவருக்குப் போட்டேன். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்பதுதான் எங்கள் பாடத்தில் முதல் பாடம். பழிவாங்கல் என்று நீங்கள் எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். நான் அதை ஒழுங்கு என்பேன்.

அவருடைய வீட்டு ‘நான்’ என்ன விரும்பியது என்று எனக்குத் தெரியுமா? தெரியும். அந்தப் பட்டிமன்றம் முடிந்து ஸ்கூட்டரில் போகும்போது பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார். “டேய், நீ எழுதினதப் பேசிப் பேசி நாக்கு கூசுது. எனக்கு அப்படி ஏதாவது ஆச்சுன்னா அரை மூச்சு இருந்தாலும் விட்டுடாதீங்கடா. படுத்துக்கிட்டே கேட்டுட்டு இருப்பேன். யாராவது பக்கத்துல உக்காந்து சண்டை போட்டா எனக்கு அது போதும்” என்றார். நான் சிரித்தேன். எதிரே லாரி வந்ததால் பதில் சொல்லவில்லை.

அண்ணி அழுதால் அழட்டும். இதையும் கேட்டுவிடுவது நல்லது, பிறகு வேறு யார் மூலமாகவோ தெரியவருவதைவிட.

குழு கூடுவதற்கு முதல் நாள் மாலை பார்வையாளர் நேரத்தில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கொண்டிருப்பேன் என்று சொன்னவராயிற்றே, சண்டை போட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. மட்டமான வாதத்தைக் கேட்டால் அண்ணனுக்கு இடது புருவம் தானாக ஏறும். தூக்கத்தில்கூட ஏறும் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். நான் காதருகில் குனிந்து, “எல்லாரும் ஒருநாள் சாகத்தான் போறோம், ஆகவே எப்போ செத்தா என்ன அண்ணே” என்றேன்.

புருவம் ஏறியது.

தற்செயலாக இருக்கலாம் என்று நினைத்தேன். ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்பவன் நான். “பணக்காரன் அதிகம் சாப்பிடறான், ஆகவே அவனுக்குத்தான் அதிகம் பசி” என்றேன். ஏறியது. அடுத்து ஒழுங்கான வாதம் ஒன்று சொன்னேன், அவரே எனக்கு எழுதிக் கொடுத்தது. புருவம் அமைதியாக இருந்தது. மறுபடி மட்டமானது ஒன்று. மறுபடி ஏறியது. கடைசியாக, “அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன். காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. தெரிந்தும் சொல்லாமலிருக்கிறவனின் முகம் அது. எனக்கு அது பழக்கமான முகம்.

சின்ன அசைவு தெரிந்தாலும் சொல்லச் சொல்லியிருந்தார் டாக்டர். அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார், கண்ணாடி வழியாகத் தெரிந்தார், ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அண்ணனின் தலையணையைச் சரிசெய்தேன். உதட்டோரம் வழிந்ததைத் துடைத்தேன். போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டேன். அவருக்குப் பாதம் சில்லிட்டால் பிடிக்காது. பிறகு வீட்டுக்குப் போய் அந்தப் பதிவைத் தேடி எடுத்தேன்.

“அப்போ அவருக்குக் காது கேட்டுச்சு” என்கிறீர்கள். ஆமாம், மேடம். கேட்டது. புரிந்தது. உயிரோடு இருக்க விரும்பினார் என்பதும் எனக்குத் தெரியும். இயந்திரத்தை நிறுத்தியபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். புருவத்தை மட்டும் பார்க்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இந்த முறை மேடை ‘நான்’ என்று யாரையும் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அதற்காகத்தான் அண்ணியை இருக்கச் சொன்னேன். வகுப்பில் நான் பேசியது வெறும் வாதம். ஊரில் எவனுக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் என்னைக் கைவிட்டார். அது ஏன் என்று தெரிந்துவிட்டால் நான் நிம்மதியாக எங்கே வேண்டுமானாலும் போய் உட்கார்ந்துகொள்வேன். என்னிடம் சொல்லாததை அண்ணியிடம் சொல்லியிருப்பார்.

“அண்ணி, அன்னைக்கு நான் பேசினது நடிப்புன்னு அவருக்குத் தெரியும்தானே?”

அண்ணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இல்ல தம்பி. நீங்க மனசாரத்தான் பேசினீங்கன்னு அவருக்குத் தெரியும். அதை அங்க சொல்லிட வேண்டாமேன்னுதான் ‘ஆனால்’னு பாதியில நிறுத்திக்கிட்டார்.”